வெளிவாசல் எமர்ஜென்சி விளக்கு: பேட்டரி உள்ளே இருக்கட்டும்

தென்னாப்பிரிக்காவில் ஜோஹன்னஸ்பர்க், லெனேசியா பக்கம் கோயிலுக்கோ மண்டபத்துக்கோ வெளிவாசல் எமர்ஜென்சி விளக்கு வாங்கப் போகிறீர்களா? பேட்டரிப் பெட்டியைச் சுவருக்கு உள்பக்கமும் எல்.இ.டி விளக்கை மட்டும் வெளியிலும் மாட்டுகிற வகையைக் கேட்டு வாங்குங்கள்.

ஜூன், ஜூலைதான் அங்கே குளிர்காலம்; அந்த இரவுகளில் புல்லெல்லாம் உறைபனி படிந்து வெளுத்துக் கிடக்கும். அந்தக் குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை மந்தமாகி, மின்சாரம் போகும்போது விளக்கு எரிகிற நேரம் குறைந்துவிடும். லித்தியம் பேட்டரிக்கு ஆபத்து இன்னும் அதிகம்: 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏறினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, பேட்டரி நிரந்தரமாகக் கெட்டுப்போகும். எல்.இ.டி-யைக் குளிர் ஒன்றும் செய்யாது.

எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கும் விளக்குதான் கிடைக்கிறதா? நிக்கல்-காட்மியம் பேட்டரி உள்ளதைப் பாருங்கள், குளிரை ஓரளவு தாங்கும். லேபிளில் விளக்கு எரியும் வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். சார்ஜ் ஏறும் வெப்பநிலைதான் முக்கியம்.

கடலோரமான டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் இதெல்லாம் தேவையில்லை. அங்கே மழையும் உப்புக்காற்றும் உள்ளே புகாத பெட்டியாக இருந்தால் சரி. அப்புறம், பேட்டரிக்கும் விளக்குக்கும் இடையே ஒயர் ரொம்ப நீளமானால் வோல்டேஜ் குறைந்து வெளிச்சம் மங்கும். அப்படிப்பட்ட இடத்துக்கும் பேட்டரியை உள்ளே வைக்கும் இந்த யோசனை ஒத்துவராது.