அமெரிக்காவுல ஃப்ளைட் இன்ஸ்ட்ரக்டர் ஆகப் போறவங்க எங்கெங்க சறுக்குறாங்க

அமெரிக்காவுல பார்ட் 61-ங்கற விதி வழியா போனா 250 மணி நேரத்துல கமர்ஷியல் லைசென்ஸ் எடுத்துடலாம், ஆனா ஏர்லைன்ல உக்காரணும்னா பொதுவா 1500 மணி நேரம் வேணும், ஏவியேஷன் டிகிரி இருந்தா 1000 வரைக்கும் குறையும். 2009 பிப்ரவரில பஃபலோ பக்கத்துல கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் செத்தாங்க, அதுக்கப்புறம் சட்டம் போட்டு 2013-ல வந்த ரூல் இது. அந்த ப்ளேன ஓட்டுன ரெண்டு பேருக்குமே 1500-க்கு மேல இருந்துச்சுங்கறது வேற கதை. எப்படியோ நடுவுல ஒரு பெரிய பள்ளம் விழுந்துடுச்சு, அத ரொப்ப கைக்காசு போடாம கிடைக்கற வழி சிஎஃப்ஐ, அதாவது ஃப்ளைட் இன்ஸ்ட்ரக்டர் வேலை. இன்ஸ்ட்ரக்டரா பறக்கற நேரத்த பிஐசி டைம்னு, அதாவது ப்ளேனுக்குப் பொறுப்பான பைலட்டா பறந்த நேரம்னு, லாக் பண்ணிக்கலாம், காசும் வரும்.

இதனாலயே நிறைய பேரு சிஎஃப்ஐய மணி சேக்குற மெஷினா மட்டும் பாக்குறாங்க, நான் பாத்த முக்கால்வாசி சொதப்பலும் அங்கருந்துதான் ஆரம்பிக்குது. இது இன்னொரு பைலட் லைசென்ஸ் இல்லங்க, வாத்தியார் லைசென்ஸ்.

ஊர்லருந்து கிளம்பி வர்ற பசங்களுக்கு மொதல்ல விசா விஷயத்த சொல்லிடறேன், ஏன்னா இதுல மாட்டுனா மத்ததெல்லாம் படிச்சே பிரயோஜனம் இல்ல. பல ஃப்ளைட் ஸ்கூல் குடுக்கறது எம்-1 விசா, அதுல படிக்கும்போது வேலை பாக்கக் கூடாது, முடிச்சதும் நாலு மாசம் படிச்சதுக்கு ஒரு மாசம்ங்கற கணக்குல அதிகபட்சம் ஆறு மாசம் ப்ராக்டிகல் ட்ரெய்னிங், அவ்ளோதான். ஆறு மாசத்துல 1500 தொடுறதெல்லாம் நடக்காத காரியம். காலேஜ் வழியா எஃப்-1-ல வந்தா படிப்பு சம்பந்தமா வேலை பாக்க ஓபிடிங்கற அனுமதி 12 மாசம் கிடைக்கும், ஆனா எம்-1-ல வந்துட்டு உள்ள இருந்துகிட்டே எஃப்-1-க்கு மாத்திக்கலாம்னு நெனச்சா அதுக்கு வழியே கெடயாது. "வாங்க, முடிச்சதும் இங்கயே இன்ஸ்ட்ரக்டரா சேந்துக்கலாம்"னு ஃபோன்ல சொல்றத நம்பி வீட்ட அடமானம் வெக்காதீங்க, எந்த விசா, எத்தன மாசம்னு எழுத்துல கேளுங்க. திரும்பி வந்து இந்தியால சொல்லிக்குடுக்கலாம்னு ப்ளான் இருந்தா, அங்க விமானப் போக்குவரத்த கவனிக்கற டிஜிசிஏ-க்குனு தனியா அசிஸ்டண்ட் ஃப்ளைட் இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங், ஃப்ளைட் இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங்னு இருக்கு, அந்தக் கணக்கையும் மொதல்லயே போட்டுக்கோங்க.

சரி, பரீட்சைக்கு வருவோம். ரெண்டு ரிட்டன், அதாவது எழுத்துப் பரீட்சை, இருக்கு, ஒண்ணு எஃப்ஓஐ, எப்படிச் சொல்லிக்குடுக்கறதுங்கறதப் பத்தி 50 கேள்வி, இன்னொண்ணு ஏரோப்ளேன் பத்தி 100 கேள்வி, ரெண்டுலயும் 70 எடுத்தா பாஸ். எஃப்ஓஐய எல்லாரும் மனப்பாடம் பண்ணித் தள்ளிட்டு மறந்துடுவாங்க. சைக்காலஜி மாதிரி போரடிக்கும், ஒத்துக்கறேன், ஆனா செக்ரைட்ல, அதாவது ஓரலும் பறக்கறதும் சேந்த கடைசி டெஸ்ட்ல, எக்ஸாமினர் அங்கதான் நோண்டுவாரு. இன்னொரு விஷயம், இந்த ரெண்டு பரீட்சையோட ஏஜிஐங்கற கிரவுண்ட் இன்ஸ்ட்ரக்டர் ரிட்டனையும் சேத்து எழுதிட்டா அந்த சர்டிஃபிகேட் தனியா கிடைக்கும், அதுக்கு செக்ரைட் கெடயாது, இதப் பண்ணாம விடறவங்கதான் அதிகம்.

அடுத்தது ட்ரெய்னிங் யாருகிட்டங்கறது. கூடப் படிச்ச ஃப்ரெண்டு போன மாசம் சிஎஃப்ஐ ஆனான், அவன்கிட்ட சல்லிசா முடிச்சுடலாம்னு போவாங்க. மொத தடவ சிஎஃப்ஐக்குப் போறவங்களுக்கு சொல்லிக்குடுக்க தகுதி வேணும், பொதுவா 24 மாசமா சிஎஃப்ஐயா இருந்து 200 மணி நேரமாவது சொல்லிக்குடுத்திருக்கணும், இப்ப வேற சில வழியும் இருக்கு, ஆனா போன மாசம் ஆனவரு அதுல எதுலயும் வரமாட்டாரு. பழைய ஆலோசனையும் சுத்திகிட்டே இருக்கும், சிஎஃப்ஐ செக்ரைட்டுக்கு கியர் மடங்குற காம்ப்ளெக்ஸ் ப்ளேன் வேணும்னு, அத அமெரிக்க விமானத்துறையான எஃப்ஏஏ 2018-லயே எடுத்துட்டாங்க, செஸ்னா 172-லயே முடிக்கலாம். வேண்டாத ப்ளேனுக்கு வாடகை குடுக்காதீங்க.

செக்ரைட்ல விழறவங்க பெரும்பாலும் வானத்துல விழறதில்ல, ரூம்லயே விழறாங்க. ஓரல் மட்டும் பல மணி நேரம் ஓடும். பெரிய தப்பு என்னன்னா காசு குடுத்து வாங்குன லெசன் ப்ளான் பைண்டர தூக்கிட்டுப் போறது. நல்லா டேப் எல்லாம் ஒட்டி, கலர் கலரா, தொட்டா பளபளன்னு இருக்கும். எக்ஸாமினர் அதப் பொறட்டக்கூட மாட்டாரு, "நான் மொத நாள் ஸ்டூடண்ட், டேக்ஆஃப்ல ப்ளேன் ஏன் இடது பக்கம் இழுக்குது, சொல்லிக்குடு"ன்னு உக்காந்துடுவாரு. உடனே இவரு டார்க், பி-ஃபேக்டர், ஸ்லிப்ஸ்ட்ரீம், ஜைரோன்னு நாலையும் மூச்சு விடாம ஒப்பிப்பாரு. அவரு கேப்பாரு, "எல்லாம் சரிப்பா, இப்ப என் கால் என்ன பண்ணணும்?" அங்க நின்னுடும். வலது கால எப்ப அழுத்தணும், எவ்ளோ அழுத்தணும், எதப் பாத்துகிட்டு அழுத்தணும், அழுத்துனது போதும்னு எப்படித் தெரியும், இதுக்கு பதில் வரணும். இத பைண்டர்லருந்து எடுக்க முடியாது. உங்க வீட்டுல ப்ளேனப் பத்தி ஒண்ணுமே தெரியாத யாரையாவது, அம்மாவோ தங்கச்சியோ, உக்கார வெச்சு வொயிட்போர்ட்ல சொல்லிக்குடுங்க, தமிழ்லயே சொல்லுங்க பரவால்ல, அவங்க மூஞ்சி எங்க சுருங்குதோ அங்க உங்களுக்கே புரியலன்னு அர்த்தம்.

ஃபெயிலானா டிசப்ரூவல் நோட்டீஸ் குடுப்பாங்க, அது பைலட் ரெக்கார்ட்ஸ் டேட்டாபேஸ்ல ஏறிடும், நாளைக்கு ஏர்லைன் இன்டர்வியூல எடுத்துக் கேப்பாங்க. ஒரு ஃபெயில்னால வாழ்க்க முடிஞ்சுடாது, ஆனா ஸ்கூல் தேதி புக் பண்ணிட்டாங்கன்னு ரெடி ஆகாமப் போயி உக்காரறது தேவையே இல்லாத வேலை.

ஸ்பின் விஷயம் ஒண்ணு இருக்கு. பைலட் லைசென்ஸ்லயே சிஎஃப்ஐக்கு மட்டும்தான் ஸ்பின் ட்ரெய்னிங் கட்டாயம், லாக்புக்ல எண்டார்ஸ்மெண்ட், அதாவது இன்ஸ்ட்ரக்டர் எழுதிப் போடற கையெழுத்து, வேணும். பல பேரு ஒரு மத்தியானம் போயி ரெண்டு சுத்து சுத்திட்டு கையெழுத்து வாங்கிட்டு வந்துடுவாங்க. பவர் ஐடில், எய்லரான் நடுவுல, சுத்தற பக்கத்துக்கு எதிர் ரட்டர் முழுசா, அப்புறம் யோக்க, அதாவது கைல புடிக்கற கண்ட்ரோல, முன்னாடி, இத சொல்லத் தெரியும், ஆனா நாளைக்கு எறங்க வரும்போது பேஸ்லருந்து ஃபைனல், அதாவது ரன்வேக்கு நேரா, திரும்பும்போது ஸ்டூடண்ட் ரன்வேய தாண்டிட்டோமேன்னு ரட்டர மிதிச்சு மூக்க இழுப்பான் பாருங்க, அந்த உயரத்துல ரெக்கவரிக்கெல்லாம் எடமே இருக்காது, ஸ்பின் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அது எப்படி இருக்கும்னு உங்க உடம்புக்குத் தெரிஞ்சிருக்கணும், அதுக்குத்தான் அந்த ட்ரெய்னிங். எந்த ப்ளேன்னும் பாருங்க, 172-ல யுடிலிட்டி கேட்டகரில, அதாவது எடை குறைவா, பின்சீட் காலியா இருந்தா ஸ்பின் பண்ணலாம், பைப்பர் ஆர்ச்சர்ல பண்ணவே கூடாது.

அப்புறம் வலது சீட். 250 மணி நேரம் இடது பக்கம் உக்காந்து பழகுன கண்ணுக்கு வலது பக்கம் வந்ததும் எல்லாமே கோணலா தெரியும். மூக்கு நேரா இருக்கா இல்லையான்னே புரியாது, நேரா வெச்சிருக்கோம்னு நெனச்சு கோணலா எறக்குவீங்க, ஏர்ஸ்பீட் மீட்டர் அந்தப் பக்க ஓரத்துல இருக்கறதால சைடுலருந்து பாக்கும்போது முள்ளு வேற எடத்துல நிக்கிற மாதிரி இருக்கும். ரூல்படி அந்த கேட்டகரி, க்ளாஸ்ல, அதாவது அந்த வகை ப்ளேன்ல, பிஐசியா 15 மணி நேரம் போதும், பிரச்சனை அதுல இல்ல. பறந்துகிட்டே பேசணும், அதான் கஷ்டம். லேசி எய்ட்ங்கற வளைஞ்சு ஏறி எறங்கற பயிற்சிய தனியா நல்லா பண்ணுவாங்க, வாயத் தொறந்து விளக்க ஆரம்பிச்சதும் நூறு அடி எறங்கிடும்.

வேலைல சேந்தப்புறம் வர்ற தப்பு வேற ரகம். கண்ட்ரோல எப்ப வாங்கறதுங்கறதுதான் முழு வேலையும். புதுசா வந்த இன்ஸ்ட்ரக்டர்ல பாதி பேரு ஸ்டூடண்ட் ஓட்டவே விடமாட்டாங்க, ரகசியமா ரட்டர அழுத்திகிட்டே இருப்பாங்க, ஸ்டூடண்ட் தான்தான் எறக்குனோம்னு சந்தோஷமா வீட்டுக்குப் போவான், சோலோவுக்கு, அதாவது தனியா பறக்க, ரெடியான்னு பாக்கும்போது சாயம் வெளுத்துடும். மீதிப் பாதி எதிர்ப்பக்கம், சரியாப் பண்ணிடுவான்னு பாத்துகிட்டே இருந்து லேட் பண்றவங்க. ஃபைனல்ல 65 நாட் வந்துகிட்டிருக்கும், ரன்வே பெருசாகும், ஸ்டூடண்ட் கண்ணு முன்சக்கரத்துக்குக் கீழ தரையப் பாக்குது, ரன்வே கடைசிய இல்ல. அங்கயே தெரிஞ்சுடும் சட்டுனு இழுக்கப் போறான்னு. "தூரமாப் பாருங்க"ன்னு ஒரு வார்த்த, அவ்ளோதான் அப்ப சொல்லணும். உங்க கை யோக்குக்குப் பின்னாடி, தொடாம, விரல் தடிமன் தள்ளி நிக்கணும், கால் ரட்டர் மேல பாரம் போடாம இருக்கணும், புள்ளைக்கு சைக்கிள் பழக்குற அப்பா சீட்ட புடிச்சும் புடிக்காமயும் ஓடுவாரே, அந்த மாதிரி. எடுக்கணும்னு முடிவு பண்ணிட்டா வாய்விட்டு "என் கண்ட்ரோல்"னு சொல்லி எடுங்க, அவரும் சொல்லணும், நீங்க திரும்பச் சொல்லணும். ரெண்டு பேரும் ஓட்டறது, இல்ல ரெண்டு பேரும் ஓட்டாம இருக்கறது, ரெண்டுமே நடந்திருக்கு.

அப்புறம் கையெழுத்து. சோலோ எண்டார்ஸ்மெண்ட் 90 நாளைக்குத்தான், அதுக்கு முன்னாடி ப்ரீ-சோலோ ரிட்டன் வெச்சு தப்பான பதில எல்லாம் உக்காந்து பேசி முடிச்சிருக்கணும். வார்த்தைய ஞாபகத்துலருந்து எழுதாதீங்க, எஃப்ஏஏவோட ஏசி 61-65-ங்கற வழிகாட்டில மாதிரி இருக்கு, அப்படியே பாத்து எழுதுங்க. ஒரு வரி விட்டுப் போச்சுன்னு எக்ஸாமினர் ஸ்டூடண்ட திருப்பி அனுப்புன கதை எல்லா ஏர்போர்ட்லயும் கேக்கலாம், அவன் லீவு போட்டு, ப்ளேன் புக் பண்ணி, ராத்திரி தூங்காம வந்திருப்பான். ட்ரெய்னிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி குடியுரிமையும் பாக்கணும், அமெரிக்க சிட்டிசன்னா ப்ரூஃப் பாத்து பதிவு பண்ணணும், வெளிநாட்டுக்காரர்னா டிஎஸ்ஏங்கற போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையோட க்ளியரன்ஸ் வரணும். நம்மாளுங்க நிறைய இருக்கற ஊர்ல "தெரிஞ்ச பையன்தானே"ன்னு விட்டுடாதீங்க.

காசப் பத்தி யாரும் முன்னாடியே பேச மாட்டேங்கறாங்க. நிறைய எடத்துல மீட்டர் ஓடுன நேரத்துக்குத்தான் சம்பளம், ஃப்ளோரிடால வெயில் காலத்து மத்தியானம் இடி இடிச்சா அன்னைக்கு சுழி. கிரவுண்ட்ல உக்காந்து சொல்லிக்குடுக்கற நேரத்துக்கும் காசு உண்டான்னு சேரும்போதே கேளுங்க. 1099-ங்கற டாக்ஸ் ஃபார்ம்ல காண்ட்ராக்டரா எடுத்தா செல்ஃப் எம்ப்ளாய்மெண்ட் டாக்ஸ் 15.3 சதவீதம் உங்க தலையில. ஸ்கூலோட இன்ஷூரன்ஸ் உங்களையும் காப்பாத்துதா, இல்ல ப்ளேன மட்டுமான்னு பேப்பர வாங்கிப் படிங்க, இல்லன்னா தனியா ஒண்ணு எடுங்க. மணி சேரணும்னு காலைல ஆறு மணிக்கு ஆரம்பிச்சு ராத்திரி வரைக்கும் ஏத்தி எறக்கறவங்களுக்கு ஒரு வார்த்த: எந்த 24 மணி நேரத்துலயும் 8 மணி நேரத்துக்கு மேல ஃப்ளைட் ட்ரெய்னிங் குடுக்கக் கூடாது, காலண்டர் நாள் கணக்கு இல்ல இது.

2024 டிசம்பர் 1-லருந்து சிஎஃப்ஐ சர்டிஃபிகேட்ல எக்ஸ்பைரி தேதி போடறதில்ல, அதப் பாத்துட்டு இனிமே ரின்யூவலே இல்லன்னு சில பேரு நெனச்சுகிட்டிருக்காங்க. 24 காலண்டர் மாசத்துக்கு ஒரு தடவ ரீசண்ட் எக்ஸ்பீரியன்ஸ் காட்டியே ஆகணும், காட்டாம சொல்லிக்குடுத்தா அது செல்லாது. சிஎஃப்ஐ முடிச்ச கையோட சிஎஃப்ஐஐ-யும் முடிச்சுடுங்க, இன்ஸ்ட்ருமெண்ட் சொல்லிக்குடுக்க முடியலன்னா பாதி ஸ்டூடண்ட் பக்கத்து ஆளுகிட்ட போயிடுவாங்க. 2022-ல வேலை கொட்டிக் கிடந்தப்போ சொன்ன ஆலோசனைய இப்பவும் புடிச்சுத் தொங்காதீங்க, 2024-ல ஏர்லைன் எடுக்கறது குறைஞ்சு 1500 தாண்டுனவங்களே இன்ஸ்ட்ரக்டரா காத்துகிட்டு இருந்தாங்க, அப்ப புதுசா வந்தவங்களுக்கு ஸ்லாட் எங்கருந்து வரும்.

கடைசில ஏர்லைன்லருந்து க்ளாஸ் டேட், அதாவது அங்க ட்ரெய்னிங்ல சேர்ற தேதி, வரும், அப்ப ஸ்டூடண்ட அப்படியே விட்டுட்டு ஓடறாங்க பாருங்க, அது ரொம்ப மோசம். புது இன்ஸ்ட்ரக்டர் எதையும் நம்பாம மொதல்லருந்து ஆரம்பிப்பாரு, அந்தக் காசு ஸ்டூடண்டோடது. செக்ரைட் பக்கத்துல இருக்கறவங்கள முடிச்சு விடுங்க, மத்தவங்க லாக்புக்ல எது வருது எது வரலன்னு புரியற மாதிரி எழுதி, அடுத்த ஆளோட ஒரு ஃப்ளைட் சேந்து போங்க. நீங்க குடுத்த சோலோ எண்டார்ஸ்மெண்ட், டெஸ்டுக்கு குடுத்த கையெழுத்து, எல்லா ரெக்கார்டும் 3 வருஷம் உங்க கைலதான் இருக்கணும், அதனால ஸ்கூல் கம்ப்யூட்டர்ல மட்டும் விட்டுட்டு வராம கெளம்பறதுக்கு முன்னாடியே ஒரு காப்பி எடுத்துக்கோங்க.