பழைய ஐசி டேட்டா புக்கைத் தள்ளிவிடாதீர்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளிலோ, பழைய பேப்பர் கடையிலோ எழுபதுகளின் டிடிஎல் டேட்டா புக் (டிடிஎல் என்ற பழைய வகை டிஜிட்டல் ஐசி சிப்புகளின் கால் படங்களும் அளவுகளும் உள்ள கையேடு) கண்ணில் பட்டால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகளுக்குப் புதுப் புத்தகச் செலவு மிச்சம்.

காரணம், 74 என்று தொடங்கும் எண் கொண்ட ஐசிகளின் கால்கள், அதாவது பின்கள், அமைந்திருக்கும் வரிசை பெரும்பாலும் மாறவே இல்லை. 7400-இல் 7ஆம் பின் கிரவுண்ட் (மைனஸ்), 14ஆம் பின் சப்ளை (பிளஸ்). இன்று விற்கும் அதன் பிந்தைய வடிவங்களான 74எல்எஸ்00, 74எச்சி00 இரண்டிலும் அதேதான். ஆனால் எல்லா ஐசிக்கும் இப்படி மூலைப் பின்தான் சப்ளை என்று மனப்பாடமாகப் போட்டால் ஐசி புகைந்துவிடும். 7490-இல் சப்ளை 5ஆம் பின், கிரவுண்ட் 10ஆம் பின். அதற்குத்தான் புத்தகம். வாங்கும்போது பின் படங்கள் உள்ள பக்கங்களைப் பூச்சி அரிக்காமல் விட்டிருக்கிறதா என்று மட்டும் புரட்டிப் பாருங்கள். அட்டை கிழிந்திருந்தால் விலை பேச நமக்குத்தான் வசதி.

ஆனால் புது ஐசிகளின் மின்னழுத்தக் கணக்குக்கு இந்தப் புத்தகம் உதவாது. பழைய டிடிஎல் 5 வோல்ட்டில் ஓடும். 74எச்சி 2 முதல் 6 வோல்ட் வரை தாங்கும், அதன் இன்புட் அளவுகளும் வேறு. அப்புறம் டிரான்சிஸ்டர்: 2என்2222 மெட்டல் தொப்பியில் வந்ததற்கும் பிளாஸ்டிக்கில் வருவதற்கும், பிளாஸ்டிக்கிலேயே ஒரு வகைக்கும் இன்னொன்றுக்கும் கால் வரிசை மாறும். இவை இரண்டுக்கும் கம்பெனியின் புது டேட்டா ஷீட்டைப் பாருங்கள், இணையத்தில் இலவசம்தான்.