ரஷ்ய மாணவர்களின் காதல் கதை: எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

ரஷ்யப் பல்கலைக்கழகத்தைக் களமாக வைத்துத் தமிழில் காதல் தொடர் எழுதுகிறவர்கள் பனியையும் கம்பளிக் கோட்டையும் மறப்பதில்லை. கோட்டைக் கழற்றிய பிறகு பார்த்தால் பேச்சு, ஹாஸ்டல், பரீட்சை எல்லாம் நம் ஊர்க் கல்லூரியாக இருக்கும். காதலர்களைச் சேர்த்து வைப்பதும் பிரித்து வைப்பதும் அந்த ஊர் வழக்கங்களாக இருந்தால்தான் கதை அந்த ஊரில் நடக்கும்.

அதிகம் பிசகுவது நீ, நீங்க விஷயத்தில்தான். ரஷ்ய மொழியிலும் 'தி', 'வி' என்று இரண்டு உண்டு என்று தெரிந்ததும், ஒரே வகுப்பில் படிக்கும் இருவரை ஐந்து அத்தியாயம் 'நீங்க' என்று பேசவைத்து, ஆறாவதில் 'நீ'க்கு மாற்றி அதையே காதலின் அடையாளமாக்குகிறார்கள். அங்கே சக மாணவர்கள் அறிமுகமான அன்றே 'நீ'தான். காதலன் 'நீ' என்க, காதலி 'நீங்க' என்று பதில் சொல்லும் வழக்கமும் அங்கே கிடையாது. இருவருக்கும் ஒரே 'நீ'. சீனியரை அண்ணா, அக்கா என்பதும் இல்லை, பெயர்தான். 'நீங்க' வேண்டுமானால் அவளுடைய அம்மாவை முதன்முதலாகப் பார்க்கப்போகும் காட்சியில் வையுங்கள். அங்கே அவன் அவரை 'ஆன்னா செர்கேயெவ்னா' என்று பெயரும் தந்தைவழிப் பெயரும் சேர்த்துத்தான் அழைப்பான். பேராசிரியருக்கும் அப்படியே. காதலியை அவன் அப்படி அழைத்தால் வம்பிழுக்கிறான், இல்லை கோபமாக இருக்கிறான் என்று பொருள்.

பெயர்களையும் கவனியுங்கள். பதிவேட்டில் அலெக்சாந்தர் என்றிருப்பவன் நண்பர்களுக்கு சாஷா. அலெக்சாந்த்ரா என்ற பெண்ணும் சாஷாதான். இந்தக் குழப்பத்தில் ஒரு நல்ல காட்சியே கிடைக்கும். கொஞ்சினால் சாஷென்கா, கூட்டாளிகளின் முரட்டு உரிமைக்கு சாஷ்கா. அண்ணன் வோல்கோவ் என்றால் தங்கை வோல்கோவா. கூப்பிடும்போது நாம் 'செல்வி'யைச் 'செல்வீ' என்று நீட்டுவோம். அவர்கள் கடைசி உயிரை வெட்டிவிடுவார்கள்: சாஷாவை 'சாஷ்!', காத்யாவை 'காத்!' நெருக்கத்தைக் காட்ட அந்த ஒற்றை அசை போதும்.

அடுத்தது விடுதி. பேச்சில் 'ஒப்ஷாகா'. பெண்கள் விடுதிச் சுவர் ஏறிக் குதிக்கும் காட்சிக்குப் பெரும்பாலும் இடமில்லை, ஏனென்றால் ஆணும் பெண்ணும் ஒரே கட்டடத்தில்தான் இருப்பார்கள். மாடிக்கொரு பொதுச் சமையலறை, அறைக்கு இரண்டு முதல் நான்கு பேர். தடையாக நிற்பது வார்டன் அல்ல, அறைத்தோழிதான். தனிமை எங்குமே கிடையாது. இரவு பன்னிரண்டு மணிக்கு உருளைக்கிழங்கு வறுபடும் அடுப்புப் பக்கத்தில், மூன்றாவது ஆள் கெட்டிலோடு வந்து நிற்கும்போதுதான் முக்கியமான பேச்சு நடக்கும். வெளியே குடியிருப்பவன் என்றால் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் அம்மாளிடம் அடையாள ஆவணத்தைக் காட்டிப் பதிந்துவிட்டு வரவேண்டும். பல விடுதிகளில் 11 மணிக்குள் வெளியேறவும் வேண்டும்.

காலண்டரைச் சரியாகப் போடாவிட்டால் கதை முழுக்க ஆட்டம் காணும். கல்வியாண்டு செப்டம்பர் 1 தொடங்கும். டிசம்பர் கடைசியில் தேர்ச்சிச் சோதனைகள், புத்தாண்டு, ஜனவரியில் தேர்வு, மறுபடி ஜூனில். ஜனவரி 25 தத்தியானா நாள், மாணவர் தினம். 1755இல் தத்தியானா நாளன்றுதான் மாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கான ஆணையில் பேரரசி எலிசவேத்தா கையெழுத்திட்டார். பல தேர்வுகள் வாய்மொழியானவை: மேசையில் கவிழ்த்து வைத்த சீட்டுகளில் ஒன்றை எடுத்து, சற்று நேரம் குறிப்பெழுதி, பேராசிரியர் எதிரே உட்கார்ந்து பதில் சொல்லவேண்டும். மதிப்பெண் ஐந்துக்கு, இரண்டு வந்தால் தோல்வி. ஒரு பாடத்துக்கு இரண்டு மறுதேர்வுகள்தான், இரண்டாவது ஒரு குழுவின் முன். அதிலும் தோற்றால் வெளியேற்றம். வெளியேற்றப்படும் ஆண் மாணவனுக்குக் கட்டாய ராணுவச் சேவையிலிருந்து கிடைத்த ஒத்திவைப்பும் போய்விடும். வில்லனே வேண்டாம், ஒரு கணிதத் தாள் போதும்.

எந்த ஆண்டில் கதை நடக்கிறது என்பதை முதல் வரி எழுதுமுன் முடிவு செய்யுங்கள். முன்னேற்றப் பதிப்பகப் புத்தகங்களில் படித்த சோவியத் வாழ்க்கையை 2020களுக்குள் கலந்துவிடாதீர்கள். 2022 மார்ச்சுக்குப் பிறகு இன்ஸ்டாகிராம் அங்கே முடக்கம்; விபிஎன் வேண்டும். அடுத்து வந்த சில ஆண்டுகளில் காதலர்கள் டெலிகிராமிலோ, ரஷ்யச் சமூக வலைத்தளமான வீகேயிலோ பேசினார்கள். வயதையும் பாருங்கள். முதலாண்டில் பலருக்குப் பதினேழுதான். காதல் கதைக்கு இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களே பொருத்தம்.

பீட்டர்ஸ்பர்க் என்றால் கோடைகால நள்ளிரவில் கப்பல்களுக்கு வழிவிடத் தூக்கப்படும் நேவா ஆற்றுப் பாலங்கள் கட்டாயம் வந்துவிடும். நல்ல காட்சிதான், மெட்ரோவும் நள்ளிரவோடு நின்றுவிடும். ஆனால் 2004இல் திறந்த பெரிய ஒபுகோவ் பாலம் தூக்கப்படுவதில்லை. டாக்சிக்குப் பணமிருந்தால் சுற்றிக்கொண்டு போய்விடலாம். ஆகவே அவர்கள் விடியும்வரை கரையில் உட்கார்ந்திருக்கவேண்டுமானால், பையில் காசில்லை என்பதை முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

பூங்கொத்தும் அப்படித்தான். மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில்தான் கொடுப்பார்கள், இரட்டைப்படை இறந்தவர்களுக்கு. மார்ச் 8 அன்று கதாநாயகன் ஆறு டூலிப் மலர்களோடு வந்து நின்றால், அவள் ஒன்றை உருவி அறைத்தோழியிடம் கொடுத்துவிட்டு மீதி ஐந்தைத் தண்ணீரில் வைப்பாள்.