வேலையை விட்டவர் கடை மெயிலைத் திறந்தால்: புகார் நிற்க என்ன செய்யணும்?

நெல்லை மாவட்டம் பத்தமடையில் பாய் ஆர்டர் எடுக்கும் கடை ஒன்று என்று வையுங்கள். கணக்குப் பார்த்தவர் நின்றுவிட்டார். பிறகும் கடை ஜிமெயிலைத் திறந்து வாடிக்கையாளர் பட்டியலை இறக்குகிறார். "பாஸ்வேர்டை நாமதான கொடுத்தோம், கேஸ் நிக்குமா?" என்று தயங்க வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43 கேட்பது அனுமதி இருந்ததா என்பதைத்தான். பாஸ்வேர்டு தெரிந்திருப்பது அனுமதி ஆகாது.

பாஸ்வேர்டை மாற்றக் கை பரபரக்கும். ரெண்டு நிமிஷம் பொறுங்கள். கம்ப்யூட்டரில் ஜிமெயில் இன்பாக்ஸின் அடியில், வலது ஓரத்தில் 'டீட்டெயில்ஸ்' என்று சிறிதாக இருக்கும். அதை அழுத்தினால் யார் யார் திறந்தார்கள் என்பதற்கான ஐபி முகவரி (எந்த நெட் இணைப்பிலிருந்து வந்தார்கள் என்று காட்டும் எண்), தேதி, நேரம் வரும். கடைசி 10 மட்டுமே நிற்கும். பதறி நாமே திறந்து திறந்து பார்த்தால் அவர் வந்து போன வரி கீழே தள்ளப்பட்டுக் காணாமல் போகும். தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு பாஸ்வேர்டை மாற்றி, மற்ற சாதனங்களை வெளியேற்றுங்கள். நேரத்தைத் துல்லியமாகக் குறியுங்கள். மொபைல் நெட்டில் ஒரே ஐபியைப் பல பேர் பகிர்வதால், நேரம் பிசகினால் ஆளைப் பிடிக்க முடியாது.

கம்ப்யூட்டரை ஃபார்மட் அடிக்கவே கூடாது. பதிலுக்கு அவர் கணக்கில் நுழைவதும் கூடாது; நுழைந்தால் அதே பிரிவு உங்கள் மேல் பாயும்.

புகாரில் இரண்டு விஷயம் கட்டாயம் வேண்டும். ஒன்று, எந்தத் தேதியோடு அனுமதி முடிந்தது; வேலையை விட்ட அன்று அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி போதும். இன்னொன்று, நேர்மையற்ற நோக்கம்: பட்டியலில் இருந்தவர்களுக்கு அவர் விலை அனுப்பியது போல. நோக்கம் காட்டினால்தான் பிரிவு 66 வரும். 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். புகார்கள் சறுக்கும் இடம் இது; "ஹேக் பண்ணிட்டான்" என்று ஒற்றை வரி எழுதினால் போலீஸுக்குப் பிடிமானம் இல்லை. நோக்கம் தெரியாவிட்டாலும் பிரிவு 43-ன் கீழ் நஷ்டஈடு கேட்கலாம்.

பத்தமடை, அம்பை, சேரன்மகாதேவிக்காரர்கள் மாவட்ட சைபர் கிரைமுக்கும், பாளை, டவுன், மேலப்பாளையம்காரர்கள் நெல்லை மாநகர சைபர் கிரைமுக்கும் போகணும். எல்லை மாறிப் போனாலும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்ற நடைமுறைச் சட்டம்) பிரிவு 173-ன்படி புகாரை வாங்கணும். மனு ரசீது கேட்டு வாங்குங்கள். ஸ்கிரீன்ஷாட் கோர்ட்டில் செல்ல, பாரதிய சாக்ஷிய அதிநியம் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63(4) கேட்கும் மின்னணு ஆதாரச் சான்றிதழும் வேண்டும். பணமும் போயிருந்தால் இதற்கெல்லாம் முன்னால் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.