பனி நாலு மாதம், பசி பன்னிரண்டு மாதம்: நாய்வண்டித் தொழிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி ஈலி என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. ஊரைத் தாண்டினால் பவுண்டரி வாட்டர்ஸ் என்னும் காட்டுப் பகுதி. சுமார் 11 லட்சம் ஏக்கர் காடு, அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். 1978-ல் இந்த வட்டாரத்துக்கென்றே வந்த சட்டம் பெரும்பாலான ஏரிகளில் மோட்டாருக்குத் தடை போட்டது. அதனால் கோடையில் துடுப்புப் படகும், குளிர்காலத்தில் நாய்கள் இழுக்கும் பனிவண்டியும் உள்ளே போகும் முக்கிய வழிகள். இந்த இரண்டையும் வைத்துப் பிழைக்கும் வழிகாட்டிகள் ஈலியில் பலர்.

அங்கே இரண்டு குளிர்காலம் நாய்க்கொட்டிலில் வேலை பார்த்திருக்கிறேன். வழிகாட்டித் தொழில் தொடங்க வேண்டும் என்ற ஆசையோடு வருகிறவர்களையும், சில வருடங்களில் மனம் உடைந்து திரும்புகிறவர்களையும் பார்த்தேன். திரும்பிப் போனவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. ஒரே மாதிரியான சில தவறுகளைத்தான் திரும்பத் திரும்பச் செய்தார்கள்.

முதல் தவறு கணக்கில். ஏரிகள் நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கத்தில் உறையும். ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ பனிக்கட்டி உடைந்து தண்ணீர் திறக்கும். நடுவில் நம்பி வண்டி ஓட்டக்கூடிய காலம் டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை. நாய்வண்டி வருமானம் அந்த மூன்றரை, நாலு மாதத்துக்குத்தான். நாய்கள் ஜூலையிலும் சாப்பிடும். முப்பது நாய்களுக்கு வருடம் முழுக்கத் தீனி, தடுப்பூசி, குடற்புழு மருந்து, கால்நடை மருத்துவர் செலவு எல்லாம் சேர்ந்தால் அது யானையைக் கட்டித் தீனி போடும் கதைதான். மார்ச் மாதம் கையில் இருக்கும் பணத்தை லாபம் என்று நினைப்பவர்கள் செப்டம்பரில் தடுமாறுகிறார்கள். அந்தப் பணத்தில் பாதி நாய்களின் கோடைக்காலச் சாப்பாடு. வந்த அன்றைக்கே அதைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு சிக்கலைப் புதியவர்கள் கவனிப்பதே இல்லை. பவுண்டரி வாட்டர்ஸில் மே 1 முதல் செப்டம்பர் 30 வரை இரவு தங்கும் பயணங்களுக்குப் பர்மிட் எண்ணிக்கை கட்டுப்படுத்தப்பட்டது. ஒரு குழுவில் 9 பேர், 4 படகுகள், அதற்கு மேல் கிடையாது. அந்தப் பர்மிட்களுக்கான முன்பதிவு ஜனவரி கடைசியில் திறக்கிறது. அதாவது நீங்கள் விடிகாலையிலிருந்து பனியில் நாய்களோடு நிற்கும், கண் திறக்க நேரமில்லாத அதே வாரத்தில். அன்றைக்கு ஒருவரைக் கணினி முன்னால் உட்கார வைக்காவிட்டால், நல்ல நுழைவாயில்களும் நல்ல தேதிகளும் போய்விடும். குளிர்காலத்தில் கவனம் தவறினால் அடி விழுவது கோடை வருமானத்தில். அப்புறம், காசு வாங்கிக்கொண்டு ஆட்களை அழைத்துப் போவதற்குக் கூட்டாட்சி வனத்துறையிடம் தனி அனுமதி வேண்டும். பனிவண்டி, நாய் எல்லாம் வாங்கிய பிறகு அனுமதியைத் தேடக் கூடாது. அனுமதியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அடுத்தது நாய்களின் எண்ணிக்கை. என்னைப் பொறுத்தவரை இந்தத் தொழிலின் மிகப் பெரிய தவறு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு சீசன் நன்றாகப் போனால் உடனே ஆசை வரும். இன்னும் இரண்டு வண்டி ஓட்டலாம், இன்னும் பன்னிரண்டு நாய் வேண்டும், இரண்டு பெட்டைகளைக் குட்டி போட விடலாம். குட்டிகள் அழகாக இருக்கும், வருகிறவர்கள் படம் எடுப்பார்கள். ஆனால் இன்று பிறக்கும் குட்டி பன்னிரண்டு, பதினான்கு வருடம் வாழும். அதில் வண்டி இழுப்பது ஏழெட்டு வருடம். மிச்ச வருடங்களை யார் பார்ப்பது? தொழில் சரிந்தால் என்ன செய்வது?

என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 2010 குளிர்கால ஒலிம்பிக் கனடாவின் வான்கூவரிலும் விஸ்லரிலும் நடந்தது. அது முடிந்து சுற்றுலா வியாபாரம் படுத்தபோது, அந்த ஏப்ரலில் விஸ்லர் பகுதியில் டஜன் கணக்கான வண்டி நாய்கள் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டன. அடுத்த வருடம் செய்தி வெளியே வந்து நாடே கொதித்தது. பிரிட்டிஷ் கொலம்பியா அரசு விலங்குவதைச் சட்டத்தைக் கடுமையாக்கியது. அந்த நாய்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. யாரோ கணக்குப் போட்டதைவிட அதிகமாக இருந்தன, அவ்வளவுதான்.

ஆகவே மோசமான வருடத்திலும் எத்தனை நாய்களுக்குச் சோறு போட முடியும் என்பதுதான் உங்கள் கொட்டிலின் அளவு. நல்ல வருடத்தை வைத்து அதைத் தீர்மானிக்காதீர்கள். வயதான நாய்களுக்கு வீடு தேடுவதை அவை எட்டு வயதில் இருக்கும்போதே தொடங்குங்கள். பலமுறை திரும்பி வரும் விருந்தினர்கள்தான் அதற்குச் சிறந்த ஆட்கள். அந்த நாயை அவர்களுக்கு ஏற்கெனவே பெயர் சொல்லித் தெரியும்.

நாயைத் தோற்றம் பார்த்துத் தேர்ந்தெடுப்பதும் தவறு. நீலக் கண், அடர்ந்த ரோமம் என்று சினிமாவில் பார்த்த உருவத்தைத் தேடுகிறார்கள். பந்தயங்களில் ஓடும் அலாஸ்கன் ஹஸ்கி பார்வைக்குச் சாதாரணமாக, ஒல்லியாக, 20 - 25 கிலோ எடையில் இருக்கும். அது பதிவுபெற்ற இனம்கூட இல்லை, ஓட்டத்தை மட்டும் பார்த்து வளர்த்தெடுத்த கலப்பு. வேகம் அதன் பலம். கனடிய இன்யூட் நாய் இதற்கு நேர்மாறு. கனமான உடம்பு, தடித்த ரோமம், மெதுவான நடை, ஆனால் மூட்டை முடிச்சோடு ஆழமான பனியில் நாள் முழுக்க இழுக்கும். ஒரு மணி நேரச் சவாரி நடத்தப் போகிறீர்களா, காட்டில் கூடாரம் போட்டுத் தங்கும் பயணமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கேற்ற நாயை வாங்குங்கள்.

எந்த நாய் எங்கே நிற்பது என்பதும் அதே அளவு முக்கியம். இடப்பக்க மாட்டை வலப்பக்கம் பூட்டினால் முரண்டு பிடிப்பதை நம் ஊர் வண்டிக்காரர்கள் அறிவார்கள். இங்கேயும் அப்படித்தான். முன்னால் நிற்கும் லீடர் நாய் குரலைக் கேட்டுத் திரும்ப வேண்டும். ‘ஜீ’ என்றால் வலம், ‘ஹா’ என்றால் இடம். வண்டியை ஒட்டிப் பின்னால் நிற்கும் ஜோடிதான் வளைவுகளில் முழுப் பாரத்தையும் தாங்கும். அங்கே பயந்த சுபாவமுள்ள நாயைப் பூட்டினால், சறுக்கி வரும் வண்டியின் சத்தத்திலேயே அது கெட்டுப்போகும்.

இலையுதிர் காலப் பயிற்சியில் அவசரம் ஆபத்து. பனி விழுவதற்கு முன், நான்கு சக்கர ஏ.டி.வி. வண்டியில் நாய்களைப் பூட்டி மண் சாலையில் ஓட்டிப் பழக்குவார்கள். நாய்க்கு உடம்பு முழுக்க வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். நமக்கு இதமாக இருக்கும் 15 டிகிரி அதற்கு வெயில். பத்து டிகிரிக்குக் கீழே இறங்காத காலையில் வார் பூட்டவே வேண்டாம். முதல் வாரங்களில் நாலைந்து கிலோமீட்டர், அதுவும் மெதுவாக, நடுவில் தண்ணீர் கொடுத்து ஓட்டினால் போதும். கோடை முழுக்கச் சும்மா இருந்த நாய் ஓட வேண்டும் என்று கத்தும், குதிக்கும். அதன் ஆசையை நம்பி ஓட்டினால் சூடு தாங்காமல் சுருண்டு விழும்.

குளிர்காலத்தில் நேரெதிரான பிரச்சினை, தண்ணீர். பனியைத் தின்று நாய் சமாளித்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். அது போதவே போதாது. பாத்திரத்தில் வைத்த தண்ணீர் சில நிமிடங்களில் உறைந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் இறைச்சித் துண்டும் கொழுப்பும் கலந்து கொடுத்தால் வாசனைக்காகவே மொத்தமும் குடித்துவிடும். ஓடுவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பே அதைக் கொடுத்துவிடுங்கள். நெடுந்தூரப் பந்தயத்தில் ஓடும் நாய் ஒரு நாளில் 10,000 கலோரி வரை எரிக்கும். உங்கள் சவாரி நாய்க்கு அவ்வளவு தேவைப்படாது. ஆனாலும் கடுங்குளிரில் கொழுப்பைக் குறைத்து மிச்சம் பிடிக்கக் கூடாது. படுக்கைக்கு வைக்கோல் போடுவதிலும் அப்படியே. பாதத்துக்குப் போடும் துணிக் காலுறைகளை இறுக்கிக் கட்டி, முகாமுக்கு வந்த பிறகும் கழற்றாமல் விடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ரத்த ஓட்டம் நின்று பாதம் வீங்கிவிடும்.

இனி ஏரிப் பனிக்கட்டி. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்தும். மினசோட்டாவின் இயற்கை வளத்துறை, ஒரு ஆள் நடப்பதற்கே 4 அங்குலத் தெளிந்த பனிக்கட்டி வேண்டும் என்கிறது. வெளுத்த பனிக்கட்டி என்றால் அதைப் போல இரண்டு மடங்கு. ஏரியின் நடுவில் ஒரு அடி தடிமன் இருக்கலாம். அதே ஏரியில் ஓடை வந்து சேரும் இடத்தில், இரண்டு ஏரிகளை இணைக்கும் குறுகிய கழுத்தில், உள்ளே ஓடும் நீர் பனிக்கட்டியை அடியிலிருந்து அரித்துக்கொண்டே இருக்கும். போன வாரம் போன தடம்தானே என்று அங்கே போகக் கூடாது. இறங்கி, கோடரியால் வெட்டிப் பாருங்கள். சந்தேகம் என்றால் கரையேறிச் சுற்றிப் போங்கள்.

மேலே நிறையப் பனி விழுந்தால் இன்னொரு தொல்லை. அந்தப் பாரத்தில் பனிக்கட்டி அமுங்கி, விரிசல் வழியாகத் தண்ணீர் மேலே வரும். மேலே பனி போர்வை போல மூடியிருப்பதால் உறையாமல் சேறு மாதிரிக் கிடக்கும். பார்த்தால் தெரியாது. வண்டி அதில் இறங்கி வெளியே வந்ததும் சறுக்குக் கட்டைகளில் பனி கல்லாகப் பிடித்துக்கொள்ளும், நாய்களால் இழுக்க முடியாது. உடனே நிறுத்தி, வண்டியைச் சாய்த்துச் சுரண்ட வேண்டும். விருந்தினர் யாருடைய பூட்ஸாவது நனைந்திருந்தால் அங்கேயே தீ மூட்டுங்கள். முகாமுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஈலிக்குப் பக்கத்து ஊரான டவரில் 1996 பிப்ரவரி 2 அன்று மைனஸ் 51 டிகிரி பதிவானது. மாநிலத்தின் மிகக் குறைந்த வெப்பநிலை அதுதான். அவ்வளவு வேண்டாம், சாதாரண மைனஸ் 25-லேயே நனைந்த விரல் போய்விடும்.

விருந்தினர்களிடம் ஒரே ஒரு விஷயத்தைப் பத்து முறை சொல்ல வேண்டும் என்றால், கைப்பிடியை விடாதே என்பதைச் சொல்வேன். விழுந்தாலும் விடாதே. நாய்கள் உங்களுக்காக நிற்காது. முதல் குளிர்காலத்தில் ஒரு வளைவில் நான் விட்டுவிட்டேன். ஆளில்லாத வண்டி இறக்கத்தில் வேகமெடுத்து, பின் ஜோடியில் இருந்த ஒரு பெட்டையின் காலில் இடித்தது. முன்னால் போன வழிகாட்டி தன் வண்டியைக் குறுக்கே நிறுத்திப் பிடித்தார். அந்த நாய் மூன்று வாரம் நொண்டியது. தினமும் காலையில் அதற்குச் சாப்பாடு வைக்கும்போது என்னால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இறக்கத்தில் பிரேக்கின் மேல் ஒரு காலை எப்போதும் வைத்திருப்பது, நிற்கும்போது வண்டியை நங்கூரம் போலப் பிடித்து வைக்கும் பனிக் கொக்கியை அழுத்திப் பதிப்பது, வார் பூட்டி முடிக்கும்வரை வண்டியை மரத்தில் கட்டி வைப்பது எல்லாவற்றையும் புறப்படும் முன் செய்து காட்டுங்கள். சொன்னால் போதாது, அவர்களைச் செய்ய வையுங்கள். பருத்தி ஜீன்ஸும் இறுக்கமான பூட்ஸும் போட்டு வருபவர்களை அப்படியே கிளம்ப விடக் கூடாது. மாற்று உடை நீங்களே வைத்திருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் வாரத்துக்கு எல்லாரும் கேட்பார்கள், பனி மட்டும் சொன்னபடி வராது. 2023-24 குளிர்காலம் மினசோட்டாவின் பதிவுகளிலேயே வெப்பமானது. டுலூத்திலிருந்து புறப்படும் ஜான் பியர்கிரீஸ் நாய்வண்டிப் பந்தயம் பனியில்லாமல் 2024-ல் ரத்தானது. இப்படி ஒரு வருடம் மறுபடி வரும். முன்பணத்தை எப்போது திருப்பித் தருவீர்கள், எந்தத் தேதிக்கு மாற்றித் தருவீர்கள் என்று முன்பதிவின்போதே எழுத்தில் கொடுங்கள். பனி இல்லாவிட்டால் கொட்டிலில் நாய்களோடு ஒரு நாள், சக்கர வண்டியில் சின்னச் சவாரி என்று மாற்று ஏற்பாடும் தயாராக இருக்கட்டும். மெலிந்த பனிக்கட்டியில் வண்டியை இறக்கி விருந்தினரைத் திருப்திப்படுத்தப் போகாதீர்கள்.

கடைசியாக, ஆட்கள். வழிகாட்டிகளுக்குக் காட்டு முதலுதவிப் பயிற்சி கட்டாயம். எழுபது, எண்பது மணி நேரம் எடுக்கும், அந்தச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். காட்டுக்குள் பெரும்பாலும் செல்போன் எடுக்காது என்பதால் ஒவ்வொரு குழுவிடமும் செயற்கைக்கோள் கருவி ஒன்று இருக்க வேண்டும். பனி முடிந்ததும் உடனே படகு, படகு முடிந்ததும் உடனே ஏ.டி.வி. என்று ஆட்களை ஓட விட்டால் இரண்டாவது வருடம் நல்லவர்கள் யாரும் திரும்பி வர மாட்டார்கள். ஏப்ரலில் பனி சேறாகி, ஏரி இன்னும் திறக்காத அந்த இரண்டு மூன்று வாரம் எந்த முன்பதிவும் எடுக்காதீர்கள். கிழிந்த வார்களைத் தைக்கவும், ஒவ்வொரு நாயின் பல்லையும் பாதத்தையும் நிதானமாகப் பார்க்கவும் அதுதான் நேரம். மதியத்துக்கு மேல் எல்லாவற்றையும் வேலியிட்ட புல்வெளியில் அவிழ்த்து விடுங்கள். குளிர்காலம் முழுக்க ஒரே கயிற்றில் ஓடியவை, அன்றைக்குத் தன் இஷ்டத்துக்கு ஓடும்.