மும்பை மாட்டுங்காவிலிருந்து போர்ட்டோஃபினோவுக்கு

இத்தாலியின் லிகூரியக் கடற்கரையில், ஜெனோவா நகருக்குக் கிழக்கே, பெரும் செல்வந்தர்களின் உல்லாசப் படகுகள் வந்து நிற்கும் சிற்றூர் போர்ட்டோஃபினோ. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அங்கே கூட்டமும் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும் என்பதால், மும்பைப் பள்ளிகளுக்கு விடுமுறையான மே மாதமே நம் குடும்பங்களுக்கு ஏற்றது. இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பொங்கல் முடிந்த கையோடு விண்ணப்பித்துவிடுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

போர்ட்டோஃபினோவிலேயே தங்கும் ஆசையைக் கைவிடுங்கள் என்றே சொல்வேன். அங்கு ரயில் நிலையம் கிடையாது. விடுதிகளோ மிகச் சில, அவற்றின் கட்டணமும் மிக அதிகம். சுமார் 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சாந்தா மார்கெரீத்தா லிகூரே ஊரில் அறை எடுத்தால், மிலானிலிருந்து ரயிலில் வந்து இறங்கலாம். உள்ளூர் வட்டார ரயிலுக்குக் காகிதப் பயணச்சீட்டு வாங்கினால், ஏறுமுன் நிலையத்திலுள்ள இயந்திரத்தில் முத்திரையிட மறக்காதீர்கள். தவறினால் அபராதம் உண்டு.

சாந்தா மார்கெரீத்தாவிலிருந்து போர்ட்டோஃபினோவுக்குப் பேருந்தும் செல்கிறது, கடலோரமாக நடந்தும் போகலாம். ஆனால் முதல்முறை காண்பவர்கள் படகிலேயே செல்ல வேண்டும். மலையும் பைன் மரங்களும் மறைத்திருக்கும் சிறு துறைமுகம், படகு உள்ளே திரும்பும்போதுதான் மஞ்சளும் செம்மண்ணுமான வீட்டு வரிசையோடு கண்முன் விரிகிறது. சாலைவழி வருபவர்களுக்கு அந்தக் காட்சி கிடைப்பதில்லை. கடல் கொந்தளித்தால் படகு ஓடாது என்பதால், கடைசி நாளுக்கென்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். கரையேறியதும், கூட்டம் சேருமுன் சான் ஜோர்ஜோ தேவாலயத்துக்கும் அதற்கு மேலுள்ள பிரௌன் கோட்டைக்கும் ஏறிவிடுங்கள். சாலையே இல்லாத சான் ஃப்ரூத்துவோசோ மடத்துக்கு அங்கிருந்து படகில் செல்லலாம். அதன் எதிரே, கடலுக்கடியில் சுமார் 17 மீட்டர் ஆழத்தில், 1954இல் நிறுவப்பட்ட இயேசு சிலை நிற்கிறது.

சைவ உணவினர் கலங்க வேண்டியதில்லை. கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு ஆகியவற்றை மட்டும் கரைத்து அடுப்பில் சுடும் ஃபரினாத்தா, நம் அடையின் உறவுக்காரி போலவே இருக்கும். திருநீற்றுப்பச்சிலையை அரைத்துச் செய்யும் பெஸ்தோ என்னும் துவையல் இந்த மண்ணுக்கே உரியது. எனினும் அதில் சேரும் பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும், பாலை உறையவைக்கும் பொருளால் செய்யப்படுவது என்பதைக் கண்டிப்பான சைவர்கள் அறிந்திருக்க வேண்டும். துறைமுகச் சதுக்கத்தில் அமர்ந்து குடிக்கும் காப்பிக்கு, கடையின் பரிமாறும் மேடையருகே நின்று குடிப்பதைவிட வெகு அதிகமாகக் கொடுக்க நேரும். ஒருமுறை மட்டும் அப்படி அமருங்கள். திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொண்டால், பதற்றமின்றி அமரலாம்.