புதியவர்களோடு ஒரு சைக்கிள் பயணம்: செட்டிநாட்டு ஊர்களில் நடத்தும் முறை

செட்டிநாட்டு ஊர்களில் சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்களைவிட, ஓட்டி வெகுநாளானவர்களே அதிகம். பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள் படிப்பு முடிந்ததும் வீட்டின் பின்கட்டில் சாத்தி வைக்கப்படுகிறது. ஸ்கூட்டர் வாங்கிய பிறகு அதைத் தொடுவாரில்லை. பல ஆண்டுகள் கழித்து மீண்டும் ஏறி உட்கார நினைப்பவரை, உடல் தாங்குமா என்ற ஐயத்தைவிட, மற்றவர்களுக்குப் பின்னால் தனியாக விடப்படுவோமோ என்ற கூச்சமே அதிகம் தடுக்கிறது. ஆகவே பயணத்தின் வேகம், தூரம், நிற்குமிடங்கள் ஆகிய எல்லாவற்றையும் குழுவில் மிக மெதுவாக ஓட்டுபவரை மனத்தில் வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் பயணத்தை ஊருக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். கானாடுகாத்தான் போன்ற நகரத்தார் ஊர்கள் இதற்கென்றே அமைந்தவை போலிருக்கும். தெருக்கள் நேராகவும் அகலமாகவும் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் வீடுகளில் பல பூட்டிக் கிடப்பதால், காலை வேளையில் வண்டி நடமாட்டம் மிகக் குறைவு. அந்தத் தெருக்களில் 5 கிலோமீட்டர் சுற்றினால் போதும். நேராக ஓட்டிக்கொண்டே தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது, ஒரு கையை எடுத்துத் திரும்பும் திசையைக் காட்டுவது, முன் பிரேக்கை மட்டும் இறுக்காமல் இரண்டையும் சேர்த்து மெல்லப் பிடிப்பது ஆகிய மூன்றையும் அங்கேயே பழக்கிவிட வேண்டும். இவை கைவராதவரை யாரையும் பெரிய சாலைக்கு அழைத்துச் செல்லாதீர்கள்.

அடுத்த கட்டமாகக் காரைக்குடியிலிருந்து குன்றக்குடிக்குச் சென்று திரும்பலாம்; ஒரு வழித் தூரம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். புதியவர்கள் மணிக்கு 10 முதல் 12 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுவார்கள் என்று கணக்கிட்டு, ஓய்வு நேரத்தையும் சேர்த்து இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். நன்றாக விடிந்த பிறகே கிளம்ப வேண்டும்; அதே சமயம் சித்திரை, வைகாசியில் எட்டரை மணிக்குள் எல்லோரும் வீடு திரும்பிவிட வேண்டும். ஆடியில் மேற்குக் காற்று பலமாக வீசும். அப்போது போகும்போது எதிர்க்காற்றும், களைத்துத் திரும்பும்போது முதுகுக் காற்றும் கிடைக்குமாறு மேற்கு நோக்கிய வழியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. குன்றக்குடி வழி அதற்குப் பொருந்தும். தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் பழனிக்குப் பாதயாத்திரை செல்பவர்கள் சாலையோரத்தை நிறைத்திருப்பார்கள். அந்த இடம் அவர்களுக்குரியது, நாம் வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டும். பொங்கலை ஒட்டி மஞ்சுவிரட்டு நடக்கும் நாளில் சிறாவயல் பக்கம் போகவே வேண்டாம்.

சைக்கிளைப் பொறுத்தவரை, புதிது வாங்கச் சொல்லி யாரையும் செலவுக்கு இழுக்காதீர்கள். பழைய சைக்கிளே போதும். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பே அதைக் கடையில் காட்டிப் பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா, செயின் தளர்ந்திருக்கிறதா, டயர் ஓரம் வெடித்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். சீட்டின் உயரம் முக்கியமானது. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும் என்பது பொதுவான அளவு. ஆனால் பயம் தெளியாதவருக்கு இரு கால்களும் தரையில் ஊன்றும்படி தாழ்த்தி வைத்து, பழகப் பழக உயர்த்துவதே சரி. சேலை, தாவணி, துப்பட்டா, வேட்டி எதுவானாலும் நுனியை இறுகச் செருகிவிட்டு, செயினிலும் பின்சக்கரத்திலும் சிக்காது என்று ஒருமுறை கண்ணால் பார்த்த பிறகே கிளம்பச் சொல்லுங்கள்.

இந்தப் பகுதியில் பஞ்சருக்கு முதற்காரணம் சீமைக்கருவேல முள். கண்மாய்க்கரையிலும் வேலியோரத்திலும் வெட்டிப் போட்ட கிளைகளிலிருந்து முட்கள் சாலைக்கு வந்துவிடுகின்றன. ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டு ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் முள்ளின் வெளிப்பகுதி ஒடிந்துபோய், கூர்நுனி மட்டும் டயருக்குள் புதைந்திருக்கும். காற்றடித்ததும் அது மறுபடியும் அதே இடத்தில் குத்தும். அதனால் டயரின் உட்புறம் முழுவதையும் ஒரு பழந்துணியால் மெதுவாகத் துடைத்து வர வேண்டும். துணி இழுபடும் இடத்தில் முள் இருக்கிறது. அதை வெளிப்புறத்திலிருந்து அழுத்தி, உட்பக்கமாகக் குறட்டால் பிடுங்க வேண்டும். வெறும் விரலால் தடவினால் விரலில் ஏறிவிடும்.

சாலையில் எட்டுப் பேருக்கு மேல் ஒரே வரிசையாகச் செல்ல வேண்டாம். அதிகம் பேர் வந்தால் இரு குழுக்களாகப் பிரிந்து, பேருந்து முந்திச் சென்று நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். ஒருவர் பின் ஒருவராக இடப்புறம் செல்வதே வழக்கமாக இருக்கட்டும். முன்னால் செல்பவர் "பள்ளம்", "மணல்", "நிற்கிறோம்" என்று உரக்கச் சொல்ல, ஒவ்வொருவரும் அதைப் பின்னால் உள்ளவருக்குச் சொல்ல வேண்டும். திருச்சி–இராமநாதபுரம் நெடுஞ்சாலையைக் கடக்க நேர்ந்தால் எல்லோரும் இறங்கி, சேர்ந்து, தள்ளிக்கொண்டே கடக்க வேண்டும். நாய் துரத்தினால் வேகமெடுக்கக் கூடாது. இறங்கி, நாய்க்கும் நமக்கும் நடுவில் சைக்கிள் இருக்கும்படி நடந்து சென்றால் பெரும்பாலும் அது விலகிவிடும்.

குழுவிலேயே அனுபவம் மிகுந்தவர் கடைசியில் வர வேண்டும். பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமான்களும் அவரிடம் இருக்கட்டும். அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிழலில் நின்று தண்ணீர் குடிக்கும்போது பெரும்பாலான குழுக்கள் ஒரு தவறு செய்கின்றன. முன்னால் வந்தவர்கள் ஓய்வெடுத்துக் காத்திருந்துவிட்டு, கடைசி ஆள் வந்து சேர்ந்த கணமே கிளம்பிவிடுகிறார்கள். ஓய்வு அதிகம் தேவைப்படுபவருக்கு அது கிடைப்பதே இல்லை. ஓய்வு நேரம் கடைசி ஆள் இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது என்பதைக் கிளம்பும் முன்பே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

பெண்களை, குறிப்பாக நடுவயதைக் கடந்தவர்களை, பெயர் சொல்லி அழைக்க வேண்டும். பொதுவான அறிவிப்பு அவர்களை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவராது. பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கற்பித்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரும் ஊக்கமளித்தார். அன்று கற்ற இளம்பெண்கள் இன்று ஐம்பதைக் கடந்திருப்பார்கள். "ஆச்சி, நீங்களும் வாங்க, நாங்க மெதுவாத்தான் போவோம்" என்று ஒருமுறை நேரில் சொல்லிப் பாருங்கள். அந்தச் சொல்லைப் பயணம் முழுவதும் காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு.

கிளம்பும் முன் வெறும் வயிறாக இல்லாமல் ஒரு வாழைப்பழம் சாப்பிடுவது நல்லது. இட்லியும் பணியாரமும் திரும்பி வந்த பிறகு இருக்கட்டும். கிளம்பியபோது எண்ணிய தலைகளை, கலைவதற்கு முன் மீண்டும் எண்ணுங்கள். பிறகு கடைசியாக வந்தவரிடம் தனியாகப் பேசி, வேகம் ஒத்துவந்ததா, எங்கே மூச்சு வாங்கியது, எந்த இடத்தில் இன்னும் சற்று நின்றிருக்கலாம் என்று கேட்டு, அவர் சொல்வதை வைத்தே அடுத்த ஞாயிற்றுக்கிழமையின் தூரத்தை முடிவு செய்யுங்கள்.